சதத்துக்கு ஆடும் மருமகனுக்கு

மருமகனே,

நீ இணையத்தில் போக்கர் ஆடத் தொடங்கியிருக்கிறாய் என்று அக்கா சொன்னார். உன்னைத் தடுக்கச் சொல்லித்தான் என்னிடம் சொன்னார். நான் தடுக்கப் போவதில்லை. தடுக்கிற தகுதியும் எனக்கில்லை. ஊரில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகி, ஸ்காபரோவுக்கு வந்த பிறகு இரண்டு சத மேசைகளில் எத்தனையோ இரவுகளைக் கழித்தவன் நான். பெரிதாக வென்றதும் இல்லை, வீட்டை இழந்ததும் இல்லை. ஆனால் வென்றவர்களையும் தோற்றவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எந்தக் கார்டை வைத்து எப்படி ஆடுவது என்பதைப் புத்தகங்களும் காணொளிகளும் என்னைவிட நன்றாக உனக்குச் சொல்லித்தரும். அவை சொல்லாமல் விடுகிறவற்றைத்தான் நான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

1. முதலில் சட்டத்தைப் பார்.

நீ இருக்கும் ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் அனுமதி பெற்ற தளங்களில் காசு வைத்து ஆடலாம். 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்ட் மாதம் அங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் ஒட்டுமொத்தமாகத் தடை செய்கிறது. சென்னையில் இருக்கும் நம் உறவுக்காரப் பொடியன் ஒருவன், "மாமா, இடத்தை மறைத்து ஆட வழி இருக்கிறதாமே" என்று கேட்டான். மறைந்து ஆட வேண்டிய ஆட்டத்தை ஆடாதே என்று சொன்னேன். நாளைக்குத் தளம் உன் காசைப் பிடித்து வைத்துக்கொண்டால் நீ யாரிடம் போய் முறையிடுவாய்? உனக்கும் அதையே சொல்கிறேன். அனுமதி இல்லாத தளத்தில் ஒரு சதமும் போடாதே.

2. இதில் எவ்வளவு வரும் என்பதை முதலிலேயே கணக்குப் பார்.

நீ ஆடும் மேசையில் கார்டு பார்க்குமுன் கட்டாயமாகப் போடும் சின்ன பிளைண்ட் ஒரு சதம், பெரிய பிளைண்ட் இரண்டு சதம். இரண்டு டொலரோடு உட்காருகிறாய். நீ நன்றாகவே ஆடுகிறாய் என்று வை. நூறு ஆட்டத்துக்கு ஐந்து பெரிய பிளைண்ட் வெல்பவரை இங்கே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். அது பத்துச் சதம். ஒரு மேசையில் மணிக்கு எழுபது ஆட்டம் போகும். நாலு மேசையை ஒன்றாகத் திறந்து வைத்து ஆடினாலும் மணிக்கு இருபத்தெட்டுச் சதம்தான் கிடைக்கும். ஒரு கோப்பி வாங்குவதற்குள் ஒரு வேலைநாள் போய்விடும். இதற்கிடையில் தளம் ஒவ்வொரு பாட்டிலிருந்தும், அதாவது ஒரு ஆட்டத்தில் நடுவில் சேரும் காசிலிருந்து, தன் பங்கான ரேக்கை எடுத்துக்கொள்ளும். பல தளங்களில் அது நூற்றுக்கு ஐந்து வரை போகும். பெரிய மேசைகளில் ரேக்குக்கு உச்சவரம்பு இருப்பதால் பாரம் குறையும். சின்ன மேசையில் பாட் அந்த வரம்பைத் தொடுவதே அரிது. அதனால் ஏழை ஆட்டக்காரன்தான் விகிதப்படி கூடக் கட்டுகிறான். இதை வருமானம் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கசந்துபோய்த்தான் வெளியே போனார்கள். பொழுதுபோக்கு என்று வந்தவர்கள் இன்னும் ஆடுகிறார்கள்.

3. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

இழந்தாலும் வீட்டில் ஒரு சாமானும் குறையாது என்ற தொகையை மட்டும் ஒதுக்கு. அதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோகாதே. இந்த விதி என்னுடையது இல்லை. கிறிஸ் பெர்குசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 2006இல் கையில் ஒரு சதமும் இல்லாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி, பத்தாயிரம் டொலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கினார். உலகப் பட்டம் வென்றவர் அவர். அப்படிப்பட்டவரும் இந்த விதியை மீறாமல் ஆடித்தான், ஒரு வருடத்துக்கும் மேல் செலவழித்து, அந்தத் தொகையைத் தொட்டார். பிற்காலத்தில் அவர் பங்காளியாக இருந்த தளமே ஆட்டக்காரர்களின் காசைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியபோதுதான் அது வெளியே வந்தது. பலருக்குக் காசு கைக்கு வர 2014 ஆனது. ஆகவே இரண்டு பாடம்: அளந்து போடு; வென்றதைத் தளத்திலேயே குவித்து வைக்காமல் அவ்வப்போது வங்கிக்கு எடுத்துவிடு.

4. ஏஸ் சோடியும் தோற்கும். அதை முன்கூட்டியே மன்னித்துவிடு.

இரண்டு ஏஸ் கைக்கு வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. அதற்காகப் பொறுமையாகக் காத்திருப்பாய். எதிரே ஒருவர் இரண்டு கிங்கோடு முழுக்காசையும் தள்ளுவார். உன் மனம் துள்ளும். நூற்றுக்கு எண்பத்திரண்டு தடவை நீ வெல்வாய். மிச்சப் பதினெட்டுத் தடவை, பெரும்பாலும் நடுவில் ஒரு கிங் வந்து விழுந்து, நீ தோற்பாய். அந்தப் பதினெட்டை எவனோ உன்னிடமிருந்து பறித்தது என்று நினையாதே. அது முதலிலிருந்தே அவருடைய பங்கு. முந்நூற்றிநாலில் ஜாக்கும் ஒன்பதும் கையில் இருந்தால் துரும்பைச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி இருக்கலாம். இங்கே எந்தக் கைக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் "வென்றேனா" என்று கேட்காதே. "அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகச் செய்தேனா" என்று கேள். இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் எழுந்துபோய் நிம்மதியாகத் தூங்கு.

5. ஒரு மாதத்தை வைத்து உன்னை எடைபோடாதே.

வயல்காரன் ஒரு மழையைப் பார்த்து அந்த வருட விளைச்சலைச் சொல்லமாட்டான். நீயும் சொல்லாதே. நான் முன்னே சொன்ன அதே நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள். இந்த ஆட்டத்தின் வழக்கமான ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், அவரைப் போன்ற பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாயிரம் ஆட்டம் ஆடி முடித்த பிறகும் ஏறக்குறைய மூன்று பேர் நட்டத்தில் இருப்பார்கள். பத்தாயிரம் ஆட்டம் என்றால் ஒரு மேசையில் நூற்றுநாற்பது மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் சரியாக ஆடியும் காசு இறங்கிக்கொண்டே போகலாம். ஒரு இலட்சம் ஆட்டம் ஆடினால்தான் அந்த நட்டக்காரர்கள் நூற்றுக்கு நாலு பேராகக் குறைவார்கள். இந்தக் கணக்கு மறுபக்கத்துக்கும் பொருந்தும் என்பதை மறக்காதே. சரியாக ஆடாத ஒருவனும் இரண்டு மாதம் வென்றுகொண்டே இருக்கலாம். அந்த ஒருவன் நீயாக இருக்கலாம்.

6. ஆத்திரம் வந்தால் மேசையை விட்டு எழும்பு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பாட்டி சொல்வார். போக்கர்காரர் அதை டில்ட் என்கிறார்கள். என்னோடு இரவு வேலை செய்த ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், நிதானமானவர். இருபது டொலரில் தொடங்கி ஒரு பனிக்காலம் முழுவதும் சதம் சதமாகச் சேர்த்து அதை முந்நூறுக்கு மேல் கொண்டுவந்தார். ஒரு நாள் ஓய்வறையில் இருந்து ஆடும்போது ஒரு முட்டாள்தனமான கைக்குத் தோற்றார். போனது வெறும் ஐந்து டொலர். அவர் முகம் மாறியது. ஒன்றும் பேசாமல் விரலால் தட்டித் தட்டி, ஒரு டொலர் இரண்டு டொலர் பிளைண்ட் மேசைக்குப் போய் இருந்த எல்லாவற்றையும் கொண்டு உட்கார்ந்தார். இடைவேளை முடிய முதலே எல்லாம் முடிந்தது. அந்தப் பனிக்காலத்தில் அவர் ஆட்டத்தைத்தான் கற்றிருந்தார், தன்னைக் கற்றிருக்கவில்லை. நீ தொடங்கும்போதே ஒரு எல்லை வை: மூன்று தடவை கொண்டுபோன காசு முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எழும்பிப் போய்ச் சட்டி பானையைக் கழுவு. வீட்டிலும் நல்ல பெயர் கிடைக்கும்.

7. பார்க்காமலே விடப் பழகு.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். உன் கையில் ஏஸும் கிங்கும். ஆறு சதத்துக்கு ரெய்ஸ் செய்கிறாய்; ஒருவர் மட்டும் கூட வருகிறார். ஃப்ளாப்பில், அதாவது நடுவில் விழும் முதல் மூன்று கார்டில், கிங், ஏழு, இரண்டு. ஒன்பது சதம் போடுகிறாய், அவரும் அதே அளவு போட்டுக் கால் செய்கிறார். அடுத்த கார்டான டர்னில் நாலு. இருபது போடுகிறாய்; மறுபடியும் கால். கடைசிக் கார்டான ரிவரில் இன்னொரு ஏழு. நாற்பது போடுகிறாய். இவ்வளவு நேரமும் வாயைத் திறவாமல் வந்தவர், மிச்சம் இருந்த ஒரு டொலர் அறுபத்தைந்தையும் அப்படியே தள்ளுகிறார். நீ இன்னும் ஒரு டொலர் இருபத்தைந்து போட்டால் அவர் கையைப் பார்க்கலாம். பத்தில் மூன்று தடவைக்குச் சற்று மேல் நீ வென்றால் போதும், கணக்குச் சரிவரும். ஆனால் சத மேசையில், கடைசிவரை கால் மட்டும் செய்தவர் ரிவரில் பொய்யாகத் தள்ளுவது அவ்வளவு தடவை நடப்பதில்லை. அவரிடம் ஏழு இருக்கிறது. உன் உள்மனதுக்கும் அது தெரியும். ஆனாலும் விரல் 'கால்' பொத்தானுக்குப் போகும். ஏமாற்றிவிட்டானோ என்ற அரிப்பு. அந்த அரிப்புக்கு விலை ஒரு டொலர் இருபத்தைந்து. ஃபோல்ட் செய்துவிட்டு, அவர் பொய்தான் சொன்னாரோ என்று தெரியாமலே மீதி நாளைக் கழிக்கப் பழகு. வாழ்க்கையிலும் கடைசிக் கார்டைப் பார்த்தே தீருவேன் என்று நின்றவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள்.

8. வெல்லும்போதுதான் உன்னைக் கூர்ந்து பார்.

இது நான் சொல்வதில் முக்கியமானது, மருமகனே. வள்ளுவர் சூதுக்கு என்று 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அதில் முதல் குறளிலேயே அவர் பேசுவது வெற்றியைப் பற்றித்தான்; வென்றாலும் வேண்டாம் என்கிறார். சும்மா சொல்லவில்லை. தோல்வி ஆளைக் கொஞ்ச நேரத்துக்காவது நிறுத்தும். வெற்றிக்கு அந்தக் குணம் கிடையாது. 2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்காளர், நூறு டொலருக்கும் குறைவான ஒரு இணையப் போட்டியில் வென்று, அதன் வழியாக உலகப் போட்டிக்குப் போய், 839 பேர் ஆடிய களத்தில் இருபத்தைந்து இலட்சம் டொலர் வென்றார். 2006இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். ஒருவர் வென்றதைப் பார்த்து வந்த கூட்டம் அது. எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று டொலர்ப் போட்டி ஒன்றில் முதலாவதாக வந்தார். அந்தக் கிழமையே சனி ஞாயிறு வேலையை விட்டார். அடுத்து, வீட்டுக்கென்று கட்டிவந்த சீட்டுக் காசைக் கழிவு போனாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே எடுத்தார். அவரைக் கெடுத்தது தோல்வி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மூன்று டொலர் வெற்றிதான் கண்ணில் நிற்கிறது. வென்ற அன்று மேசையை உயர்த்தாதே, யாருக்கும் தொலைபேசி எடுக்காதே, ஒன்றும் வாங்காதே. இரண்டு நாள் கழித்து யோசி.

9. கணக்கு எழுது.

ஒவ்வொரு நாளும் எவ்வளவு கொண்டுபோனாய், எவ்வளவோடு எழும்பினாய், எத்தனை மணி நேரம், என்ன மனநிலை என்று நாலு வரி எழுது. மனம் வென்றதைப் பெரிதாகவும் தோற்றதைச் சிறிதாகவும் ஞாபகம் வைக்கும். எல்லாம் சமமாகத்தான் போகிறது என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வங்கிக் கணக்கின் தாள்களை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு இனிமையான பொய் என்று தெரிந்தது. மனநிலையையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொஞ்சக் காலம் போக, நீ எந்த நாட்களில் இழக்கிறாய் என்பது தெரியவரும். பெரும்பாலும் அது தூக்கம் கெட்ட நாளாகவோ யாரோடாவது சண்டை பிடித்த நாளாகவோ இருக்கும்.

10. எதிரே இருப்பவனும் மனிசன்.

திரையில் ஒரு பெயரும் ஒரு படமும் மட்டும் தெரிவதால் வாய்க்கு வந்ததை எழுதலாம் என்று தோன்றும். எழுதாதே. அவன் தப்பாக ஆடி வென்றால் "நல்ல கை" என்று மட்டும் சொல்லு, அல்லது பேசாமல் இரு. முந்நூற்றிநாலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உன் கூட்டாளி. போக்கரில் யாரும் கூட்டாளி இல்லை. சிநேகிதனோடு ஒரே மேசையில் இருந்துகொண்டு கார்டைத் தொலைபேசியில் சொல்லிக்கொள்வது கெட்டித்தனமல்ல, களவு. மென்பொருளைக் கேட்டுக் கேட்டு ஆடுவதும் களவுதான். 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது. ஆட்டம் முடிந்த பிறகு அப்படிப்பட்ட கருவிகளை வைத்துப் படி, தவறில்லை. ஆடும்போது திறந்து வைத்தால் இரண்டு டொலருக்கு உன் நேர்மையை விற்கிறாய்.

11. நேரத்தையும் காசாக எண்ணு.

சின்னத் தொகைக்கு ஆடுகிறவன் காசை நிறைய இழக்கமாட்டான். அவனிடமிருந்து போவது இரவுகள். சாப்பிடக் கூப்பிட்டால் "இந்த ஆட்டம் முடியட்டும்" என்பாய். ஆனால் இந்த மேசையில் முடிவு என்று ஒன்று கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் அடுத்த கார்டுகள் வந்துவிடும். ஆகவே தொடங்குமுன் மணிக்கூட்டில் அலாரம் வை. அது அடித்ததும், வென்றுகொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும், அடுத்த பெரிய பிளைண்ட் உன்னிடம் வருமுன் எழும்பிவிடு. நித்திரை முழிப்போடு ஆடாதே. குடித்துவிட்டு ஆடவே ஆடாதே.

12. விட்டதைப் பிடிக்கப் போகிறாய் என்றால் அது விளையாட்டு இல்லை.

எவ்வளவு ஆடினாய் என்று வீட்டில் குறைத்துச் சொல்லத் தொடங்கினால், வாடகைக் காசின்மேல் கண் போனால், ஆடாத நேரத்திலும் மனம் மேசையிலேயே நின்றால், அன்றைக்கே நிறுத்து. தொகை சின்னது என்று உன்னை நீயே சமாதானப்படுத்தாதே. ஒன்ராறியோவின் அனுமதி பெற்ற தளங்களில் உன்னை நீயே விலக்கிவைக்கும் ஏற்பாடு உண்டு. கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற சேவை இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகத் தொலைபேசியில் உதவும். நீ சொல்வது வெளியே போகாது. அங்கே பேசக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடு. நடுச்சாமமானாலும் எடுப்பேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கமாட்டேன்.

இந்தப் பன்னிரண்டையும் நான் எப்போதும் கடைப்பிடித்தவன் இல்லை. கடைப்பிடித்த நாட்களில் தோற்றாலும் மனம் குலையவில்லை என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். சத மேசையில் நீ சம்பாதிக்கக்கூடியது நிதானம் ஒன்றுதான். அதையும் அங்கேயே தோற்றுவிட்டு வந்தால் அந்த ஆட்டத்தால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன், ராசா. இந்த மாதம் போக்கருக்கு எவ்வளவு காசு, கிழமைக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடு. கொடுக்க மனம் வந்தால் நீ ஆடலாம். மறைக்கத் தோன்றினால் இன்னும் தொடங்காதே.